கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் குடிமைப் பண்பும் மரியாதையும்: சுவரொட்டியைத் தாண்டி என்ன செய்யலாம்?

கரும்பலகை_4பி

வணக்கம். கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் குடிமைப் பண்புகளுக்கான பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. 5 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகள். வகுப்புக்கு 30 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். வேற்றுச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எந்தச் சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இப்போது நடப்பது மாதம் ஒரு பண்பு. ஜனநாயகம், சட்டத்தை மதித்தல், தனிமனித சுதந்திரம், பிறரை மதித்தல் என்று தாழ்வாரத்தில் ஒட்டி, அசெம்பிளியில் ஐந்து நிமிடம் பேசுகிறோம். கேட்டால் பிள்ளைகள் விளக்கத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். அடுத்த மணி அடித்ததும் தண்ணீர்க் குழாயடியில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு முன்னே போகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை:

வகுப்புத் தலைவர் தேர்தல், மாணவர் மன்றம் இவற்றையெல்லாம் இந்த வயதில் அர்த்தத்தோடு நடத்த முடியுமா? அல்லது எல்லாருக்கும் பிடித்த பிள்ளைக்கே ஓட்டு விழுமா?

சண்டை வந்தால் "சாரி சொல்லு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்குப் பதில் என்ன செய்வது?

செபம், திருப்பலி நேரத்தில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளை எப்படி நடத்துவது சரி? "இதெல்லாம் மறைக்கல்வியிலேயே வந்துவிடுகிறது, தனியாக எதற்கு" என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு என்ன பதில் சொல்வது?

---

வட்டமேசை

சுவரொட்டி இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் நிஜமாகவே முடிவெடுக்கக்கூடிய ஒரு விஷயத்தைக் கையில் எடுங்கள்.

முதல் வேலை பெரியவர்களுடையது. ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில், பிள்ளைகளே முடிவெடுக்கலாம் என்பவை: எந்த நாள் எந்த வகுப்புக்குப் பந்து, புத்தக மூலையை எப்படி அடுக்குவது, வெள்ளிக்கிழமை எந்தக் கதை. இரண்டாம் பகுதியில், பிள்ளைகள் கருத்துச் சொல்வார்கள், பெரியவர்கள் முடிவெடுப்பார்கள் என்பவை: சாப்பாட்டு வரிசை, கழிப்பறை நேரம், வீட்டுப்பாடத்தின் அளவு. மூன்றாவதில் பெரியவர்கள் மட்டும் முடிவெடுப்பவை: பாதுகாப்பு, யார் எந்த வகுப்பில், திருவழிபாட்டு ஒழுங்கு. இந்தத் தாளைத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்ட பிறகு பிள்ளைகளிடம் காட்டுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டு நடத்துவதுதான் பெரிய தவறு. ஓட்டுப் போடச் சொல்லிவிட்டு, வந்த முடிவு பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை மாற்றினாலும் போதும், ஓட்டு வெறும் ஒப்புக்குத்தான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அந்த வகுப்பில் அதன்பிறகு யாரும் மனம்வைத்து யோசித்து ஓட்டுப் போட மாட்டார்கள்.

இரண்டாம் பகுதி சும்மா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அந்தக் கருத்துக்குத் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளை கேட்டதெல்லாம் நடக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் பதில் வந்தாக வேண்டும். எங்கள் அனுபவத்தில் நிற்கும் ஒழுங்கு: ஒரு வாரத்துக்குள், எழுத்தில், காரணத்தோடு. "முடியாது" என்று மட்டும் வரக் கூடாது. "குழாயடியில் இன்னொரு குழாய் போட முடியாது, அந்தச் சுவருக்குப் பின்னால் மின்கம்பி போகிறது" என்று வர வேண்டும்.

வகுப்பு வட்டம்: வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம், 20 நிமிடம். 5, 6 வயதுக்கு 10 நிமிடம் போதும். ஒரு சுற்றில் ஒருவர் 20 விநாடி பேசினால் 30 பேருக்கு 10 நிமிடம் ஆகிவிடும். ஆகவே ஒரு வட்டத்துக்கு ஒரு பொருள்தான், மிஞ்சினால் இரண்டு. கையில் ஏதாவது ஒரு பொருளைச் சுற்றவிடுங்கள், அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். "நான் விடுகிறேன்" என்று சொல்லி அடுத்தவருக்குத் தரவும் உரிமை வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைக் கட்டாயப்படுத்திப் பேச வைத்தால் அடுத்த வாரம் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடும்.

பேசும் பொருள் எங்கிருந்து வரும்? மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பிள்ளைகள் சீட்டுப் போடட்டும். எழுதுகிறவரின் பெயர் இருக்க வேண்டும், வேறு பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. "அவன் தள்ளுகிறான்" என்பது சீட்டு இல்லை, "குழாயடியில் தள்ளுமுள்ளு" என்பது சீட்டு. ஆசிரியர் முந்தைய நாளே எல்லாச் சீட்டையும் படித்துவிடுவது கட்டாயம். ஏதாவது ஒன்றில் அடி, பயம், வீட்டுப் பிரச்சினை என்று தெரிந்தால் அது வட்டத்துக்கு வரவே கூடாது. அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போக வேண்டும்.

ஓட்டு: 5, 6 வயதுக்கு இரண்டு தட்டு, ஆளுக்கு ஒரு பாட்டில் மூடி, இரண்டில் ஒன்றில் போட வேண்டும். 7 வயதிலிருந்து ரகசிய ஓட்டு, மறைப்புக்கு ஒரு அட்டை போதும். கை தூக்கச் சொன்னால் முதலில் தூக்குகிற நண்பனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். எண்ணிக்கை எல்லார் முன்னாலும், கோடு போட்டு, இரண்டு பிள்ளைகள் சாட்சியாக நிற்க நடக்கட்டும். சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை ஓட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் எந்த முடிவும் அநியாயமாகத்தான் தெரியும். 16-க்கு 14 என்று முடிந்தால் அந்த 14 பேரிடம் "இந்த முடிவில் உங்களுக்கு எது கஷ்டம்" என்று கேட்டு ஒன்றையாவது சரிசெய்யுங்கள். பெரும்பான்மை ஜெயிப்பதை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் புரிந்துகொள்ளும். தோற்றவரையும் சேர்த்து நடத்துவது பழகித்தான் வரும்.

எதற்கு ஓட்டே கிடையாது என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஒரு பிள்ளையை விளையாட்டில் சேர்ப்பதா வேண்டாமா, யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாருடைய உடை, உணவு, பேச்சு, சமயம் இவை எதுவும் ஓட்டுக்கு வராது. 29 பேர் சேர்ந்து ஒருவரை ஒதுக்க ஓட்டுப் போட்டாலும் அது செல்லாது என்பதை 8 வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

வகுப்புத் தலைவர் பற்றி. "தலைவர்" என்ற ஒரு பதவி வைத்தால் பிடித்த பிள்ளைக்குத்தான் ஓட்டு விழும். வேலையை முதலில் எழுதுங்கள்: பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஆசிரியரிடம் தருபவர், பதில் எழுதும் பலகையைக் கவனிப்பவர், புதிதாகச் சேரும் பிள்ளையோடு முதல் வாரம் சாப்பிடுபவர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஆண்டுக்குள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலை வந்துவிட வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிக்கு இதற்கு நல்ல வாசகமும் கையிலேயே இருக்கிறது: விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரம். கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப்போகிறார்கள் என்று முணுமுணுப்பு எழுகிறது. திருத்தூதர்கள் சபையைக் கூட்டி, நற்பெயர் உள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். புகார் கேட்கப்பட்டது, என்ன வேலை என்று சொல்லப்பட்டது, தகுதி சொல்லப்பட்டது, தேர்வு சபையிடம் விடப்பட்டது. தேர்தலுக்கு முந்தைய வாரம் இதைப் படித்துவிட்டு, "நம் வகுப்பில் யார் விடுபட்டுப் போகிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

---

சாக்பீஸ்

சண்டை பற்றிய கேள்விக்கு.

விதிகளிலிருந்தே தொடங்க வேண்டும். வகுப்புக்கு நான்கு, அதிகம் போனால் ஐந்து. ஆண்டின் முதல் இரண்டு வாரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள். "மரியாதையாக நட" என்பது விதி ஆகாது, ஏனென்றால் அதை யாரும் பார்க்க முடியாது. "ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்போம்" என்பதைப் பார்க்க முடியும். விதி ஒவ்வொன்றுக்கும் "இது யாரைக் காப்பாற்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் எடுத்துவிடலாம். பெரியவர்களுக்கும் அதே விதிதான் என்பதும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். தாழ்வாரத்தில் ஓடக் கூடாது என்றால் ஆசிரியரும் ஓடக் கூடாது. 9 வயதுக்கு மேல் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை (1 அரசர்கள் 21) எடுக்கலாம். அரசன் ஆகாபுக்குப் பக்கத்துத் தோட்டம் வேண்டும், நாபோத்து மூதாதையர் சொத்து என்று தர மறுக்கிறார், பொய்ச்சாட்சி வைத்து அவரைக் கொன்றுவிடுகிறார்கள். அதன்பிறகு இறைவாக்கினர் எலியா அரசனிடமே போய்க் கேட்கிறார். அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவன்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாசகம் கிடைக்காது. கல்லெறிதல் வருவதால் சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம்.

இப்போது குழாயடி. ஒரு பிள்ளை தள்ளியது, இன்னொன்று விழுந்தது, சட்டை நனைந்தது. "சாரி சொல்லு" என்றதும் தரையைப் பார்த்துக்கொண்டே "சாரி" வருகிறது. விழுந்த பிள்ளை "பரவாயில்லை" என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. சட்டை இன்னும் ஈரம்தான். தள்ளியவர் ஒரு சொல்லோடு தப்பிவிடலாம் என்று கற்றுக்கொண்டார், விழுந்தவர் தன் கோபத்துக்கு இங்கே இடமில்லை என்று கற்றுக்கொண்டார்.

இதற்குப் பதில் நான்கு கேள்வி, எப்போதும் இதே வரிசையில், இதே குரலில். "என்ன நடந்தது?" (தள்ளியவரிடம் முதலில், பிறகு விழுந்தவரிடம், குறுக்கே பேசாமல்.) "அப்போது என்ன நினைத்தாய்?" "இதனால் யாருக்கு என்ன ஆயிற்று?" "சரிசெய்ய என்ன செய்யலாம்?" "ஏன் செய்தாய்?" என்று கேட்காதீர்கள், அது பொய்யைத்தான் வரவழைக்கும். நான்காவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: மாற்றுச் சட்டை எடுத்துவர அலுவலகத்துக்குக் கூடப்போவது, நாளை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பது. மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இருவரில் ஒருவர் இன்னும் அழுதுகொண்டோ மூச்சு வாங்கிக்கொண்டோ இருந்தால் உடனே ஆரம்பிக்காதீர்கள், பத்து நிமிடம் விடுங்கள். வரி வசூலித்த சக்கேயு (லூக்கா 19) வருத்தத்தோடு நிற்கவில்லை, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். அந்த வரியைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மத்தேயு 18:15-17 பெரிய பிள்ளைகளுக்குப் படியாகவே இருக்கிறது: முதலில் தனியாகச் சொல், கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல். "போய்ச் சொல்வது கோள் சொல்வதா?" என்ற குழப்பம் இதில் தீர்ந்துவிடும். ஆனால் எச்சரிக்கை ஒன்று: இது சமமானவர்களுக்கு இடையிலான சண்டைக்கு மட்டும். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப, பலம் உள்ளவர்கள் குறிவைத்துத் துன்புறுத்தினால் அது வேறு. அங்கே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து "பேசித் தீருங்கள்" என்றால் துன்பப்பட்ட பிள்ளையை இரண்டாவது முறை துன்புறுத்துகிறோம். "முதலில் தனியாகப் போய்ச் சொல்" என்றும் சொல்லக் கூடாது. நேராகப் பெரியவரிடம் வரலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனித்தனியாகப் பேசி, தேதியோடு எழுதி, பெற்றோருக்குச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கலக்கக் கூடாது: ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம். தப்புச் செய்த பிள்ளையைத் தண்டனையாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவது, "சாமியாரிடம் இதைச் சொன்னாயா?" என்று பிறகு கேட்பது இரண்டும் கூடாது. பாவசங்கீர்த்தன ரகசியம் மீற முடியாதது, பள்ளி ஒழுங்கு வேறு பாதை. செபத்தையும் தண்டனையாகத் தராதீர்கள். "பத்து அருள்நிறைந்த மரியே சொல்லு" என்று தண்டனை வாங்கிய பிள்ளை செபத்தை எதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

வெள்ளி_அசெம்பிளி

இரண்டு பதிலும் நல்ல பதில். ஆனால் வாரம் ஒரு "மரியாதை நட்சத்திரம்" பேட்ஜ் கொடுப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? செலவில்லாதது, பெற்றோருக்கும் பிடிக்கும், சின்னப் பிள்ளைகள் உற்சாகமாக நடந்துகொள்வார்கள்.

---

சாக்பீஸ்

உற்சாகம் வருவது உண்மை, சில வாரம் நிற்கவும் செய்யும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பேட்ஜ் வந்தால் பிள்ளைகள் ஆசிரியர் பார்க்கும் இடத்தில் நல்லவர்களாக இருப்பார்கள். குழாயடியில் ஆசிரியர் இருப்பதில்லை. அதோடு, அமைதியான பிள்ளைக்கு மூன்று முறை கிடைக்கும், துறுதுறுப்பான பிள்ளைக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்காது. அந்தப் பிள்ளை தன்னை "மரியாதை இல்லாதவன்" என்றே வைத்துக்கொள்ளும். பாராட்ட வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. செயலைப் பெயர் சொல்லி, அந்த இடத்திலேயே பாராட்டுங்கள்: "அவர் தேடிக்கொண்டிருந்த பென்சிலை நீ எடுத்துக் கொடுத்தாய், அவருக்குக் கணக்கை முடிக்க முடிந்தது." அவ்வளவு போதும்.

---

மறைக்கல்வி_மேசை

மூன்றாவது கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நல்ல மனதோடு செய்யும் தவறுகள்தான் அதிகம்.

முதலில் திருச்சபை என்ன சொல்கிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமய சுதந்திர அறிக்கை 1965 டிசம்பர் 7-இல் வந்தது. சமய விஷயத்தில் யாரையும் மனச்சான்றுக்கு எதிராகக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் மையம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 748-ஆம் சட்டம் அதையே சட்டமாகச் சொல்கிறது: மனச்சான்றுக்கு எதிராகக் கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்கும்படி யாரையும் வற்புறுத்த ஒருபோதும் அனுமதி இல்லை. மேலே வட்டமேசை சொன்ன குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் திருப்பீடமும் (வத்திக்கான் தலைமை) 1990-இலேயே இணைந்தது. அதன் 14-ஆம் பிரிவு குழந்தையின் சிந்தனை, மனச்சான்று, சமய சுதந்திரத்தைப் பற்றியது. ஆகவே வேற்றுச் சமயப் பிள்ளையின் சுதந்திரத்தைக் காப்பது கத்தோலிக்க அடையாளத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது, அந்த அடையாளத்தின்படி நடப்பதுதான். சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். "மறைக்கல்வியில் வந்துவிடுகிறது" என்றால், மறைக்கல்வியில் சொல்வது குழாயடி வரை வருகிறதா என்று பார்க்கும் வேலைதான் இது.

நடைமுறை. காலைச் செபத்தைத் தொடங்கும் வாக்கியத்தை மாற்றுங்கள். "எல்லாரும் கைகுவித்து என்னோடு சொல்லுங்கள்" என்பதற்குப் பதில், "இப்போது செபிக்கப் போகிறோம். விரும்புகிறவர்கள் சேர்ந்து சொல்லுங்கள், மற்றவர்கள் அமைதியாக இருங்கள்." நிற்பதும் அமைதியும் எல்லாருக்கும் பொது, சொற்களும் சிலுவை அடையாளமும் விருப்பம். "நம்புகிறேன்" என்று தொடங்கும் விசுவாச அறிக்கையைச் சத்தமாகப் படிக்கும் வேலையை, நம்பாத பிள்ளைக்குத் தராதீர்கள். ஒரு பிள்ளையை நம்பாத ஒன்றை நம்புகிறேன் என்று சொல்ல வைப்பது, அந்த அறிக்கைக்கும் மரியாதை இல்லை.

திருப்பலிக்கு முந்தைய நாள் 10 நிமிடம் ஒதுக்கி என்ன நடக்கும், எப்போது நிற்பார்கள், எப்போது உட்காருவார்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். நற்கருணை நேரத்தில் குழப்பம் வருவது வரிசையால்தான். வரிசை வரிசையாக எழுப்பினால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எல்லார் கண்ணிலும் படும், அல்லது தெரியாமல் வரிசையில் போய் நின்றுவிடும். சில பங்குகளில் நற்கருணை வாங்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர்வாதம் பெறும் வழக்கம் உண்டு. உங்கள் பங்கில் உண்டா என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேளுங்கள், அப்போதும் உட்கார்ந்திருக்கும் உரிமை இருக்கட்டும். முதல் நற்கருணை வாங்காத சின்னக் கத்தோலிக்கப் பிள்ளைகளையும் அதே பெஞ்சில் கலந்து உட்கார வைத்தால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். பெற்றோர் திருப்பலிக்கே வேண்டாம் என்றால் பிள்ளைக்கு உருப்படியான வேலையும் ஒரு பெரியவரின் துணையும் வேண்டும். தாழ்வாரத்தில் தனியாக உட்கார வைத்தால் அது தண்டனையாகிவிடும்.

பேச்சில் ஒரு சின்னப் பழக்கம்: "கத்தோலிக்கர் நம்புகிறார்கள்", "இஸ்லாமியர் நம்புகிறார்கள்", "இந்துக்களில் பலர் நம்புகிறார்கள்" என்று ஒரே வாக்கிய அமைப்பில் சொல்லுங்கள். "நாம் நம்புகிறோம், அவர்கள் கும்பிடுகிறார்கள்" என்று சொன்னால் பாதி வகுப்பு வெளியே போய்விடுகிறது. இன்னொரு தவறு, ஒரு பிள்ளையை அந்தச் சமயத்தின் பிரதிநிதி ஆக்குவது. "உங்கள் விரதம் ஏன் என்று எல்லாருக்கும் சொல்லு" என்றால் 7 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தானாகச் சொல்ல விரும்பினால் கேளுங்கள். பாடமாக வேண்டுமென்றால் நீங்கள் படித்துவிட்டு, அந்தச் சமயத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் சரிபார்த்துச் சொல்லுங்கள். வேறு வழிபாட்டுத்தலத்துக்குக் கூட்டிப்போனால் பார்ப்பது, கேட்பது மட்டும், வழிபாட்டில் பங்கேற்க வைப்பது வேண்டாம். பெற்றோர் கடிதத்திலேயே இதை எழுதிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10) எல்லாப் பள்ளியிலும் சொல்கிறோம், ஆனால் "அடிபட்டவருக்கு உதவு" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். யூதர்களுக்கும் சமாரியருக்கும் ஆகாது. கேட்டவர்கள் வெறுத்த இனத்து மனிதரை இயேசு கதையின் நல்லவராக வைத்தார். கடைசியில் "இவர்களில் யார் அயலார்?" என்று கேட்டபோது திருச்சட்ட அறிஞர் "சமாரியர்" என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை, "இரக்கம் காட்டியவர்" என்றுதான் சொன்னார். 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் அந்த வசனத்தைப் படிக்கக் கொடுத்து, "ஏன் பெயரைச் சொல்லவில்லை?" என்று கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும். திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் எழுதிய 'அனைவரும் உடன்பிறந்தோர்' சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுக்க இந்த உவமைதான், ஆசிரியர்கள் முதலில் படித்துக்கொள்ளலாம்.

தவக்காலத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. இயேசுவின் பாடுகளின் நாடகத்தில் "யூதர்கள்" என்று ஒரு கூட்டத்தை வில்லனாக நிறுத்துவது பழைய வழக்கம். 1965 அக்டோபர் 28-இல் வெளிவந்த, அதே சங்கத்தின் இன்னோர் அறிக்கையின் (நோஸ்த்ரா ஏத்தாத்தே) 4-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: அன்று வாழ்ந்த யூதர்கள் எல்லார் மீதும் வேறுபாடின்றியோ, இன்றைய யூதர்கள் மீதோ இயேசுவின் சாவுக்கான பழியைச் சுமத்த முடியாது. இயேசு, மரியா, திருத்தூதர்கள் எல்லாரும் யூதர்கள். நாடகத்தில் "சில தலைவர்கள்", "பிலாத்துவின் படைவீரர்கள்", "கூட்டத்தில் சிலர்" என்று எழுதுங்கள். ஓர் இனத்தையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு வரியைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.

---

கரும்பலகை_4பி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நாடக வசனத்தை இன்றே எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. விதி அநியாயம் என்று ஒரு பிள்ளை வாதாடினால் "விதி விதிதான்" என்பதா? அடுத்து, இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிர்வாகம் எண்ணிக்கை கேட்கும்.

---

வட்டமேசை

முதல் கேள்விக்கு மட்டும். விவிலியத்தின் 'எண்ணிக்கை' என்ற நூலில் 27-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். தந்தை இறந்துவிட்டார், மகன் இல்லை, நிலத்தில் மகள்களுக்குப் பங்கு இல்லை. ஐந்து சகோதரிகள் மோசே, குரு, தலைவர்கள், சபை எல்லார் முன்னாலும் வந்து நின்று எங்களுக்கும் தாருங்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று கடவுள் சொல்ல, விதி மாறுகிறது. அவர்கள் நிலத்தை ஆக்கிரமிக்கவில்லை, ஒதுங்கிப் போகவும் இல்லை. விதியை மாற்றும் படி ஒன்றை எழுதி வையுங்கள்: மாறும் வரை விதியைப் பின்பற்று, சீட்டில் எழுது, காரணம் சொல், இன்னும் மூன்று பேரின் ஆதரவைக் காட்டு, வட்டத்தில் பேசு. இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு. ஆண்டுக்கு ஒரு விதியாவது இப்படி மாறினால்தான் படி இருப்பதைப் பிள்ளைகள் நம்புவார்கள். ஒரு பெரியவர் தவறானதைச் செய்யச் சொன்னால் கீழ்ப்படியத் தேவையில்லை, உடனே வேறு பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் இதே பாடத்தில் சேர்த்துவிடுங்கள். பாதுகாப்புக்கு இது மிக முக்கியம்.

---

தாழ்வாரம்_3

அளப்பது பற்றி. பிள்ளைகளிடம் "நீ மரியாதையாக நடக்கிறாயா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். அதை நிர்வாகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

பள்ளி வரைபடம்தான் எனக்குத் தெரிந்த மிக நல்ல கருவி. ஏ4 தாளில் பள்ளியின் எளிய வரைபடம், ஆளுக்கு ஒன்று, பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும். நிம்மதியாக இருக்கும் இடத்துக்குப் பச்சை, பயமாக இருக்கும் இடத்துக்குச் சிவப்பு. 15 நிமிடம் போதும். எல்லாத் தாளையும் தரையில் பரப்பினால் சிவப்பு சில இடங்களில் குவிந்திருக்கும். பெரும்பாலும் கழிப்பறை வாசல், மாடிப்படித் திருப்பம், பெரியவர் கண்ணுக்கு எட்டாத மூலை. அங்கே முதலில் செய்ய வேண்டியது பாடம் அல்ல, மேற்பார்வையாளர் நிற்கும் இடத்தை மாற்றுவது. பத்து வாரம் கழித்து அதே தாள், அதே வண்ணம், மறுபடி எண்ணுங்கள்.

இரண்டாவது, கவனிப்பு. குழாயடியில் ஓர் இடைவேளையில் 10 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். இரண்டை மட்டும் எண்ணுங்கள்: வரிசை மீறல் எத்தனை, பெரியவர் தலையிடாமல் பிள்ளைகளே தீர்த்தது எத்தனை. ஆரம்பத்தில் புகார்கள் கூடினால் பயப்பட வேண்டாம், சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் அதிகம் சொல்வது இயல்புதான். ஆகவே புகாரின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தோல்வி என்று நிர்வாகம் முடிவெடுக்காமல் இருக்க முன்பே சொல்லிவையுங்கள்.

மூன்றாவதைப் பலர் செய்வதில்லை: தண்டனைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் அதிகம் வருகிறது? ஒரு குறிப்பிட்ட சமயம், மொழி, குடும்பச் சூழலில் இருந்து வரும் பிள்ளைகளா? ஒரே தப்புக்கு ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்குப் பெற்றோரை அழைத்தலா? அப்படி இருந்தால் திருத்த வேண்டியது பெரியவர்களிடம் இருக்கிறது. துப்புரவுப் பணியாளரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கிறோமா என்பதையும் பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வகுப்பைப் பெருக்குவதைத் தண்டனையாகக் கொடுத்தால் அந்த வேலை செய்பவர் எல்லாரையும் தாழ்த்திவிடுகிறோம். அதைச் சுழற்சி வேலையாக எல்லாருக்கும் கொடுங்கள், ஆசிரியரும் முறை எடுக்கட்டும்.

எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். விருப்பமுள்ள இரண்டு ஆசிரியர்கள், ஒரு பருவம், வாரத்துக்கு ஒரு வட்டம், அந்த நான்கு கேள்விகள். வரைபடத்தை மட்டும் முதல் வாரத்திலேயே எல்லா வகுப்பிலும் எடுத்துவிடுங்கள், ஒப்பிட வேறு வகுப்புகள் வேண்டும்.

---

கரும்பலகை_4பி

அப்படியே செய்கிறேன். 1-ஆம் வகுப்பும் 4-ஆம் வகுப்பும் தயாராக இருக்கின்றன. 1-ஆம் வகுப்பு ஓட்டுக்குக் கோலிக்குண்டு இருக்கிறது, பாட்டில் மூடிக்குப் பதில் அதை வைக்கலாமா?

---

வட்டமேசை

வேண்டாம். வாயில் போட்டுக்கொள்வார்கள், உருண்டு அடுத்த தட்டுக்கும் போய்விடும். அகன்ற மூடியாக, எல்லாம் ஒரே நிறத்தில் எடுங்கள். நிறம் வேறுவேறாக இருந்தால் யார் எதில் போட்டார்கள் என்று நினைவு வைத்துக்கொண்டு பிறகு கேட்பார்கள்.